நெஞ்சொலி கேட்ட லென்னெக்

உண்ணாமல் மனிதன் பல நாள் உயிர் தாங்கலாம். நீர் அருந்தாமலும் சில நாள் தாங்கலாம். மூச்சு விடாமல் சில நிமிடங்களுக்கு மேல் தாங்குதல் இயலாது. அதனாலன்றோ உயிர் பிரிதலை மூச்சு அடங்குதல் என்று வழங்குகின்றனர்! அம்மூச்சினை ஏற்கும் நுரையீரலும் குருதியைச் செலுத்தும் இதயமும் நெஞ்சறையினுள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒரே நுகத்தில் பூட்டப்பெற்ற இரண்டு எருதுகளைப் போல அவை பிறந்த நாள் முதல் இறக்கும் நாள் வரை இணைந்தே உழைக்கின்றன. ஓர் எருது நோயுற்றுத் தளர்ந்தால் அதன் சுமையும் மற்றோர் எருதின் பிடரியில் ஏறும். அவ்வாறே நுரையீரல் நெடுநாள் நோயுற்றால் இதயத்தின் சுமை பெருகுகிறது.

இவ்வுண்மை இன்று மருத்துவம் பயில்வோர் அனைவரும் அறிந்ததாகும். ஆயினும், உயிரோடிருக்கும் ஒருவரது நெஞ்சறைக்குள் நிகழ்வனவற்றை அறிய வழியில்லாத காலம் ஒன்று இருந்தது. நோயாளி கூறுவதைக் கேட்டும், முகத்தையும் நாவையும் பார்த்தும், மணிக்கட்டில் நாடியைத் தொட்டுமே மருத்துவர் நோயை உய்த்துணர்ந்து வந்தனர். மூடிய பெட்டியினுள் இருப்பது யாது எனப் புறத்தே நின்று ஊகிப்பவர் நிலையே அவர் நிலை. அப்பெட்டியைத் திறவாமலே அதனுள் நிகழ்வதைச் செவியால் அறியும் நெறியை உலகிற்கு அளித்தவர், பிரெஞ்சு நாட்டு மருத்துவர் ரெனே லென்னெக் என்பவர். பிறருடைய மூச்சினைக் கேட்டுக் கேட்டு மருத்துவம் வளர்த்த அப்பெரியார், தாமே நெஞ்சு நோய்க்கு இரையாகி 45 வயதில் மறைந்தார் என்பது எண்ணுந்தோறும் நெஞ்சை உருக்குவதாகும்.

இளமைப் பருவம்

பிரான்சு நாட்டின் மேற்கு மூலையில், கடலை நோக்கி நீண்டு கிடக்கும் நிலப்பகுதி பிரிட்டனி எனப்படும். அங்கே கெம்பேர் என்னும் ஊரில் 1781ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் லென்னெக் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், பாப்புனையும் ஆர்வம் மிக்கவர், ஆனால், வரவறிந்து செலவு செய்யும் பழக்கமும் குடும்பப் பொறுப்பும் அவர்பால் குறைவாகவே இருந்தன. லென்னெக்குக்கு ஐந்து வயது நிரம்பிய ஆண்டிலேயே அன்னையார் என்புருக்கி நோயால் உயிர் நீத்தார். தந்தையார் மக்களை வளர்க்கும் பொறுப்பை உறவினரிடம் ஒப்படைத்தார். லென்னெக் முதலில் பாதிரியாராக விளங்கிய ஒரு சிற்றப்பரிடமும், பின்னர் 1788ஆம் ஆண்டில் நாந்த் நகரில் மருத்துவப் பேராசிரியராக விளங்கிய கியோம் லென்னெக் என்னும் மற்றொருவரிடமும் வளர்ந்தார்.

அம்மருத்துவரே லென்னெக்குக்குத் தாயும் தந்தையும் ஆசானும் ஆனார். ஆனால், அமைதியான கல்விக்கு அக்காலம் ஏற்றதாக இல்லை. 1789ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. நாந்த் நகரம் கொடுமையின் களமாயிற்று. அவர்கள் குடியிருந்த பகுதியின் சதுக்கத்திலேயே தலை கொய்யும் எந்திரம் நிறுவப்பட்டது. பதின்மூன்று வயதும் நிரம்பாத சிறுவர் நாள்தோறும் சாவினைக் கண்ணெதிரே கண்டார். பகைமையால் மனிதர் மனிதரைக் கொல்லும் அச்சூழலில், எவராயினும் நோயுற்றார்க்கு மருந்தளிப்பதையே கடனாகக் கொண்டு சிற்றப்பர் உழைத்தார். அதனைக் கண்ட லென்னெக் தம் வாழ்வின் நெறி இன்னதெனத் தெளிந்தார். 1795ஆம் ஆண்டில், 14 வயதிலேயே, நாந்த் மருத்துவமனையில் காயங்களுக்குக் கட்டுக் கட்டும் பணியில் அமர்ந்தார். ஓய்ந்த நேரங்களில் புல்லாங்குழல் வாசிக்கவும் கற்றார். ஒலியின் நுண்மைகளை வேறுபடுத்தி அறியும் செவி அவருக்கு வாய்த்திருந்தது. அச்செவி பிற்காலத்தில் எத்துணைப் பெரும்பயன் விளைக்கும் என்பதை அந்நாளில் எவரும் அறிந்திலர்.

பாரிசில் கல்வி

1801ஆம் ஆண்டில் லென்னெக் மேற்கல்வி பெற விரும்பித் தலைநகராகிய பாரிசு சென்றார். வழிச்செலவிற்குப் பொருளில்லாமையால் பெரும்பாலும் கால்நடையாகவே அந்நெடும்பயணத்தை மேற்கொண்டார். தந்தையாரிடமிருந்து பணம் உரிய காலத்தில் வருவதில்லை; பன்முறை மடல் எழுதியும் பயன் சிறிதே. மெலிந்து குறுகிய உடல், அடிக்கடி வாட்டும் மூச்சுத் தொல்லை, வறுமை. இவை அனைத்தும் இருந்தும் அவரது ஊக்கம் குன்றவில்லை. 1803ஆம் ஆண்டில் மருத்துவம், அறுவை மருத்துவம் ஆகிய இரண்டிலும் முதற்பரிசு பெற்றார். கிரேக்க மொழியைக் கற்று, பண்டை மருத்துவப் பேராசானாகிய இப்போக்கிரதீசின் கொள்கைகளை ஆராய்ந்து, 1804ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் எய்தினார்.

பாரிசில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்களுள் தலையாயவர் கொர்விசார் என்பவர். நெப்போலியனுடைய மருத்துவராக விளங்கியவர். ஆஸ்திரியா நாட்டு மருத்துவர் அவன்புருக்கர் என்பார், நோயாளியின் நெஞ்சினை விரல்களால் தட்டி, எழும் ஒலியினின்று நோயறியும் முறையை 1761ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். விடுதிக்காரர் ஒருவரின் மகனாகிய அவர், பீப்பாயைத் தட்டி அதனுள் மது எவ்வளவு உள்ளது என அறியும் வழக்கத்தினின்று அம்முறையைக் கண்டார் என்பர். உலகம் அதனைப் போற்றாது மறந்தது. கொர்விசாரே அந்நூலைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து 1808ஆம் ஆண்டில் வெளியிட்டு, அம்முறைக்கு மறுவாழ்வு தந்தார். தட்டி அறியும் அக்கலையை லென்னெக் அவரிடம் செவ்வையாகப் பயின்றார்.

அந்நாட்களில் பாரிசு மருத்துவமனைகளில் மற்றொரு நெறியும் வேரூன்றி வளர்ந்தது. இறந்த நோயாளியின் உடலை அறுத்து ஆராய்ந்து, உயிருடனிருந்தபோது கண்ட குறிகளுக்குக் காரணம் உள்ளுறுப்புகளில் எங்குள்ளது எனத் தேடுவதே அந்நெறி. இதில் லென்னெக்கும் அவர்தம் நண்பர் பேல் என்பவரும் இணைந்து உழைத்தனர். ஆனால், என்புருக்கி நோய் அவரைச் சூழ்ந்தவர்களை விட்டுவைக்கவில்லை. உடன்பிறந்தார் மிஷோ 1810ஆம் ஆண்டிலும், நண்பர் பேல் 1816ஆம் ஆண்டிலும் அந்நோயால் மாண்டனர். அந்நோயைத் தோற்றுவிக்கும் நுண்ணுயிர் 1882ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. ஆதலின் அது எவ்வாறு பரவுகிறது என்பதைக்கூட அன்றிருந்தோர் அறியார்.

1814ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு செய்தி அவருடைய உள்ளத்தைக் காட்டும். போரில் நோயுற்ற பிரிட்டனி நாட்டு இளம் வீரர் பலர் பாரிசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் தம் தாய்மொழியாகிய பிரெட்டன் மொழியையன்றிப் பிறமொழி அறியாதவர்கள். தம் நோயைச் சொல்லவும் இயலாமல், பிறர் சொல்லும் ஆறுதலை உணரவும் இயலாமல் அவர்கள் வாடினர். லென்னெக் முயன்று அவர்களை ஓரிடத்தில் சேர்த்து, அவர்தம் மொழியிலேயே பேசி மருத்துவம் செய்ய வழிவகுத்தார். நோயாளி கூறுவதைக் கேட்டறிதலே மருத்துவத்தின் முதற்படி என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

உருளையின் பிறப்பு

1816ஆம் ஆண்டில் பாரிசிலுள்ள நெக்கர் மருத்துவமனையில் லென்னெக் மருத்துவராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே அவரது வாழ்வின் தலைசிறந்த நிகழ்ச்சி நேர்ந்தது. இதயநோய்க் குறிகளோடு இளம்பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். அவள் பருத்த உடலினள். ஆகையால் தட்டிப் பார்த்தும், கைவைத்துப் பார்த்தும் யாதொன்றும் புலப்படவில்லை. நெஞ்சின்மேல் நேராகச் செவியை வைத்துக் கேட்பது பண்டைக்காலத்திலிருந்தே சிலர் அறிந்த முறைதான். ஆனால், இளம்பெண்ணின் மார்பில் ஆடவர் ஒருவர் செவியைப் பொருத்துதல் முறையாகாது என அவர் நாணினார்.

அவ்வேளையில் ஒலியைப் பற்றிய எளிய செய்தி ஒன்று அவர் நினைவிற்கு வந்தது. நீண்ட மரக்கட்டையின் ஒரு முனையில் ஊசியால் கீறினால், மறுமுனையில் செவி வைத்தவருக்கு அவ்வோசை தெளிவாகக் கேட்கும். உடனே அவர் தாள்கள் சிலவற்றை எடுத்து இறுகச் சுருட்டினார். அச்சுருளின் ஒரு முனையை நோயாளியின் நெஞ்சிலும் மறுமுனையைத் தம் செவியிலும் பொருத்தினார். வியப்பு! வெறுஞ்செவியை வைத்துக் கேட்டதினும் தெளிவாக இதயத்தின் துடிப்பு ஒலித்தது. நாணம் காரணமாக எழுந்த ஓர் இடையூறு மருத்துவ உலகிற்குப் பெரும்பேறாக முடிந்தது.

தற்செயலாகக் கிட்டிய பொருளைத் தற்செயலாகவே விட்டுவிடுவோர் பலர். லென்னெக் அத்தகையரல்லர். கண்ணாடி, உலோகம், மரம் முதலிய பலவற்றால் உருளைகள் செய்து ஆராய்ந்தார். மிகக் கடினமானவையும் மிக மென்மையானவையும் ஏற்றனவல்ல. இடைத்தரமான மரமே சிறந்தது எனக் கண்டார். கடைசல் பொறியை வாங்கித் தம் கையாலேயே மரத்தைக் கடைந்தார். ஏறத்தாழ ஓர் அடி நீளமுள்ள அவ்வுருளையின் நடுவே துளை ஒன்று ஓடியது. முனையில் பொருந்தும் அடைப்பு ஒன்றும் இருந்தது. இதயத்தின் ஒலியைக் கேட்கும்போது அடைப்பைப் பொருத்தியும், மூச்சின் ஒலியைக் கேட்கும்போது அதனை நீக்கியும் அவர் பயன்படுத்தினார். கிரேக்க மொழியில் நெஞ்சினைக் குறிக்கும் சொல்லையும், நோக்குதலைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து அதற்கு ஸ்டெதாஸ்கோப் எனப் பெயரிட்டார்.

கேட்டதும் கண்டதும்

கருவியைச் செய்தது அவரது பணியின் தொடக்கமே. செவியில் விழும் ஒலி எதனைக் குறிக்கிறது என அறியாவிடின் கருவியால் பயன் யாது? அடுத்த மூன்றாண்டுகள் அவர் செய்த உழைப்பே அவர்தம் பெருமைக்கு உண்மையான அடிப்படையாகும். காலைதோறும் ஒவ்வொரு நோயாளியின் நெஞ்சிலும் முன்னும் பின்னும் உருளையை வைத்துக் கேட்பார். கேட்ட ஒலியைக் குறிப்பார். நெஞ்சினுள் இன்ன மாற்றம் இன்ன இடத்தில் இருத்தல் வேண்டும் என எழுதிவைப்பார். மருந்துகள் பெரிதும் பயன்படாத அக்காலத்தில் நோயாளிகள் பலர் இறந்தனர். இறந்தவர் உடலை ஆராய்ந்து, தாம் எழுதியது மெய்யா பொய்யா எனத் தாமே சோதிப்பார். பொய்யெனின் கருத்தைத் திருத்துவார். மெய்யெனின் மீண்டும் பலரிடம் ஒப்பிட்டு உறுதி செய்வார்.

இவ்வாறு அவர் நெஞ்சின் ஒலிகளுக்கு ஓர் அகராதியே வகுத்தார். ஈரமான ஒலி, உலர்ந்த ஒலி, சீழ்க்கை போன்ற ஒலி, உப்பு வெடிப்பது போன்ற ஒலி என வகைப்படுத்திப் பெயரிட்டார். மூச்சொலி ஒன்றிற்கு அவர் வைத்த பிரெஞ்சுப் பெயர், இறக்கும் தறுவாயில் தொண்டையில் எழும் ஓசையையும் குறிப்பதாகும். நோயாளிகள் அதனைக் கேட்டால் சாவு நெருங்கியதென அஞ்சுவர் எனக் கருதிய அவர், கட்டிலருகில் நின்று மாணவர்க்கு உரைக்கும்போது அதற்கு ஈடான இலத்தீன் சொல்லையே வழங்கினார். அறிவின் கூர்மையோடு அருளின் மென்மையும் அவரிடம் இணைந்திருந்ததற்கு இஃது ஒரு சான்று.

தம் ஆராய்ச்சி முழுவதையும் திரட்டி 1819ஆம் ஆண்டில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஜான் போர்ப்ஸ் என்பவர் அந்நூலை 1821ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அந்நூலைப் பெயர்த்தவரே, இக்கருவி மருத்துவரிடையே பொதுவழக்கில் வருமா என ஐயுற்றார். காலம் அவ்வையத்தைப் பொய்யாக்கியது.

நுரையீரலும் இதயமும்

அந்நூலில் சிறந்து விளங்கும் பகுதிகளுள் ஒன்று, நுரையீரல் ஊதிப் பெருக்கும் எம்பிசீமா என்னும் நோயைப் பற்றியதாகும். நலமான நுரையீரல் கோடிக்கணக்கான சிற்றறைகளால் ஆனது. மூச்சுக் காற்றிலுள்ள உயிர்வளி அவ்வறைகளின் மெல்லிய சுவர் வழியே குருதியில் கலக்கிறது. எம்பிசீமாவில் அச்சுவர்கள் அழிய, பல சிற்றறைகள் ஒன்றாகிப் பெரும்பைகளாகின்றன. உட்சென்ற காற்று எளிதில் வெளியேறுவதில்லை. லென்னெக்குக்கு முன்னர் இந்நோயை மிக அரியது என்றே மருத்துவர் எண்ணியிருந்தனர். அஃது அரியதன்று, அறியப்படாதது என்பதை அவர் நிறுவினார்.

இறந்தவரின் நெஞ்சறையைத் திறந்ததும் நலமான நுரையீரல் சுருங்கும். எம்பிசீமா கண்ட நுரையீரலோ சுருங்காது புடைத்தே நிற்கும். அறுத்தவுடன் காற்று வெளியேறுவதால் உள்ளமைப்பைக் காண இயலாது. ஆகவே, அவர் அந்நுரையீரலைக் காற்று நிரம்பிய நிலையிலேயே உலர வைத்து, பின்னர் அறுத்து நோக்கினார். தினையளவும் அதனினும் பெரிதுமாகச் சிற்றறைகள் விரிந்திருக்கக் கண்டார். இத்தகைய நோயாளி உயிருடனிருந்தபோது கேட்ட ஒலிகளை அக்காட்சியோடு ஒப்பிட்டார். நெஞ்சைத் தட்டினால் காற்று மிகுதியாக உள்ளதைக் காட்டும் முழக்கம் எழும். ஆனால் உருளையை வைத்துக் கேட்டால் மூச்சொலி கேளாதது போல மெலிந்திருக்கும். பறை பெரிதாக முழங்க, பாட்டு அடங்கிப்போன இம்முரண்பாடே அந்நோயின் அடையாளம் என அவர் தெளிந்தார்.

அவருடைய ஆராய்ச்சி நுரையீரலோடு நின்றுவிடவில்லை. நெடுங்காலம் மூச்சுத் திணறலால் வருந்தி இறந்தோரின் இதயம் தடித்தோ விரிந்தோ இருத்தலை அவர் கண்டார். அதற்குக் காரணத்தையும் ஆராய்ந்தார். நோயுற்ற நுரையீரல் குருதியின் வரவைத் தடுக்கிறது. அத்தடையை வென்று குருதியைச் செலுத்த இதயம் ஓயாது மிகைப்பட உழைக்கிறது. அவ்வுழைப்பே அதனைப் பெருக்கச் செய்கிறது என்று அவர் விளக்கினார். அழுத்தத்தை அளக்கும் கருவி எதுவும் இல்லாத காலத்தில், செவியையும் கண்ணையும் மதியையும் மட்டுமே துணைகொண்டு அவர் கண்ட உண்மை இது.

பின்வந்த அறிவியல் அவ்வுண்மைக்கு விரிவுரை வகுத்தது. இதயத்தின் இடப்புறம் உடல் முழுவதற்கும் குருதியைச் செலுத்துவது. ஆதலின் அது தடித்த சுவருடையது. வலப்புறமோ அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் குருதியை அனுப்புவது. ஆதலின் மெல்லிய சுவருடையது. ஓய்ந்திருக்கும்போது நுரையீரல் தமனியில் சராசரி அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர்தான். அது 20 மில்லிமீட்டரைக் கடந்தால் நுரையீரல் மிகையழுத்தம் என்று இக்கால மருத்துவர் வரையறுக்கின்றனர்.

நாட்பட்ட மூச்சடைப்பு நோயில் அவ்வழுத்தம் ஏறுவதற்குக் காரணங்கள் பல. சிற்றறைகளின் சுவர் அழியும்போது அச்சுவரில் ஓடிய நுண்ணிய குருதிக் குழல்களும் அழிகின்றன. எஞ்சிய குழல்களின் வழியே குருதி முழுவதும் செல்ல வேண்டியதாகிறது. மேலும், உயிர்வளி குறைந்த பகுதிக்குச் செல்லும் குருதிக் குழல் தானே சுருங்கும் இயல்புடையது. விளையாத வயலின் மடையை அடைத்து விளையும் வயலுக்கு நீரைத் திருப்பும் உழவனின் செயலை ஒத்தது அது. ஆனால், வயல் யாவும் கெட்டு, மடை யாவும் அடைபட்டால் வாய்க்காலில் நீர் தேங்கிக் கரையை முட்டுவது போல, நோய் நுரையீரல் முழுதும் பரவினால் தமனியில் அழுத்தம் பெருகுகிறது. நாளடைவில் குழல்களின் சுவரும் தடிக்கின்றது. மெல்லிய வலப்புற இதயம் முதலில் தடித்துப் போராடுகிறது. பின்னர் விரிந்து தளர்கிறது. அந்நிலையில் கழுத்துச் சிரைகள் புடைக்கின்றன, கணுக்கால்கள் வீங்குகின்றன, சிறிது நடந்தாலும் மூச்சு முட்டுகிறது.

இறுதி நாட்கள்

பிறருக்காக இத்துணை உழைத்த லென்னெக்கின் உடல் அவ்வுழைப்பைத் தாங்கவில்லை. நூல் வெளிவந்த 1819ஆம் ஆண்டிலேயே அவர் மிக நலிந்து, பாரிசை விட்டுப் பிரிட்டனியில் கெர்லுவார்னெக் என்னுமிடத்தில் இருந்த தம் பண்ணை இல்லத்திற்குச் சென்றார். கடற்காற்றும் ஊரகத்தின் அமைதியும் ஓரளவு நலம் தந்தன. 1821ஆம் ஆண்டில் மீண்டும் பாரிசு வந்தார். 1822ஆம் ஆண்டில் கொலேஜ் த பிரான்ஸ் என்னும் புகழ்மிக்க கல்விக்கூடத்தில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு ஷாரிதே மருத்துவமனையில் கற்பிக்கும் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. பல நாட்டு மாணவர் அவரிடம் வந்து குழுமினர். 1824ஆம் ஆண்டில் அவர் திருமணம் செய்துகொண்டார்.

புகழோடு பகையும் வளர்ந்தது. புரூசே என்னும் செல்வாக்கு மிக்க மருத்துவர், நோய்கள் பெரும்பாலானவற்றிற்கும் குடலின் அழற்சியே காரணம் என்றும், அட்டைகளை விட்டுக் குருதியை உறிஞ்சச் செய்வதே மருந்து என்றும் முழங்கி வந்தார். அவர் லென்னெக்கைக் கடுமையாகத் தாக்கினார். லென்னெக் தம் நூலைத் திருத்தியும் விரித்தும் 1826ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பாக வெளியிட்டார். அப்பதிப்பிற்காக இரவும் பகலும் உழைத்ததே அவரது எஞ்சிய வலிமையையும் தீர்த்தது.

இருமலும் காய்ச்சலும் மிகுந்தன; மூச்சு திணறியது. உறவினரும் மருத்துவருமான இளைஞர் மெரியாதெக், லென்னெக் படைத்த அக்கருவியைக் கொண்டே லென்னெக்கின் நெஞ்சினைக் கேட்டார். கேட்ட ஒலிகளை அவர் விவரிக்க, அவற்றின் பொருளை லென்னெக் உணர்ந்தார். எத்தனையோ நோயாளிகளிடம் அவர் கேட்டுப் பொருள் கண்ட ஒலிகளே அவை. தம் நெஞ்சிலும் என்புருக்கி குடிகொண்டது என்பதைத் தாம் வகுத்த அகராதியே அவருக்குக் கூறிற்று.

அவர் கலங்கவில்லை. கெர்லுவார்னெக்கிற்குத் திரும்பி, தம் நூல்களையும் தாள்களையும் மெரியாதெக்கிற்கு உரிமையாக்கினார். ஸ்டெதாஸ்கோப்பையும் அவருக்கே அளித்து, தாம் விட்டுச்செல்லும் செல்வங்களுள் அதுவே சிறந்தது எனத் தம் விருப்பாவணத்தில் குறித்தார். 1826ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13ஆம் நாள், தம் விரல்களிலிருந்த கணையாழிகளை ஒவ்வொன்றாகத் தாமே கழற்றி மேசைமேல் வைத்தார் என்பர். தாம் இறந்தபின் அத்துயரச் செயலைப் பிறர் செய்ய நேராதிருத்தல் வேண்டும் என்பதே அவர் எண்ணம். சில மணி நேரத்தில் அவர் மூச்சு அடங்கியது.

பின்னோர் வளர்த்த பயிர்

லென்னெக் கண்டவை அனைத்தும் குறையற்றவை அல்ல. இதயத்தின் இரண்டாம் ஒலி மேலறைகளின் சுருக்கத்தால் எழுவது என அவர் கருதினார். அது தமனிகளின் வாயிலிலுள்ள தடுக்கிதழ்கள் மூடுவதால் எழுவது எனப் பின்வந்தோர் திருத்தினர். அத்திருத்தமும் அவர் காட்டிய நெறியாலேயே கைகூடியது. நுரையீரல் தமனியில் அழுத்தம் மிகுந்தால் அவ்விதழ்கள் ஓங்கி மூடுகின்றன. அதனால் இரண்டாம் ஒலி உரத்துக் கேட்கும். அதனைச் செவியால் அறிவதும் இன்று அந்நோயின் குறிகளுள் ஒன்றாக உள்ளது.

ஒலியால் உணர்ந்ததை எண்ணால் அளக்க ஒரு நூற்றாண்டிற்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1929ஆம் ஆண்டில் செருமனி நாட்டு இளம் மருத்துவர் போர்ஸ்மன், தம் கையிலுள்ள சிரையின் வழியே 65 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாயைத் தம் இதயத்தினுள்ளேயே செலுத்திக் காட்டினார். அம்முறையை அமெரிக்க நாட்டில் நியூயார்க்கு நகரத்து மருத்துவர் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்னும் இருவரும் 1940 முதலான ஆண்டுகளில் வளர்த்து, நுரையீரல் நோயாளிகளின் தமனியழுத்தத்தை நேராக அளந்தனர். லென்னெக் உய்த்துணர்ந்த தடை உண்மையே என்பதை அவ்வெண்கள் மெய்ப்பித்தன. அம்மூவர்க்கும் 1956ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. உயிர்வளி குறைந்தால் நுரையீரற் குழல்கள் சுருங்குவதை ஆயிலர், லில்யஸ்ட்ராண்ட் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர்கள் 1946ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

காரணம் தெளிந்ததால் மருந்தும் தெளிந்தது. குருதியில் உயிர்வளி மிகக் குறைந்த நோயாளிகளுக்கு நாள்தோறும் 15 மணி நேரமேனும் உயிர்வளி அளித்தால் அவர்தம் வாழ்நாள் நீளும் என்பதை 1980, 1981ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளிவந்த ஆராய்ச்சிகள் நிறுவின. ஆயினும், அழிந்த சிற்றறைகளை மீண்டும் ஆக்கித்தரும் மருந்து இன்றளவும் இல்லை. ஆதலின் வருமுன் காத்தலே அறிவுடைமை. நாட்பட்ட மூச்சடைப்பு நோய்க்குத் தலையாய காரணம் புகையிலைப் புகையே என்பது இன்று தெளிந்த உண்மை. காற்றோட்டமில்லாத அடுக்களைகளில் விறகும் வறட்டியும் எரிவதால் எழும் புகையும், தொழிற்கூடங்களில் பறக்கும் தூசியும் அதற்குத் துணையாகின்றன. 2021ஆம் ஆண்டில் மட்டும் இந்நோயால் உலகெங்கும் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் உயிரிழந்தனர். பீடியையோ சிகரெட்டையோ தொடாதிருத்தலும், தொட்டவர் விட்டொழித்தலும், அடுக்களைப் புகை வெளியேற வழி செய்தலும் நுரையீரலுக்கு மட்டுமன்றி அதனோடு நுகம் பூண்ட இதயத்திற்கும் செய்யும் தொண்டாகும்.

கெம்பேர் நகரில் 1868ஆம் ஆண்டில் லென்னெக்குக்குச் சிலை எழுப்பினர். ஆயினும், அதனினும் மேலான நினைவுச் சின்னம் மருத்துவர்தம் கழுத்துதோறும் தொங்குகிறது. மரவுருளை மறைந்து, 1850 முதலான ஆண்டுகளில் இருசெவிக்கும் பொருந்தும் குழாய் வந்தது. அதன் உருவம் மாறினும் பெயர் மாறவில்லை. இக்காலத்தில் இதயத்தைப் படமாகக் காட்டும் கருவிகள் பல உள்ளன. எனினும், மூச்சுத் திணறி வரும் ஏழை நோயாளியின் அருகே அமர்ந்து, முதுகில் கருவியை வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லிப் பொறுமையோடு கேட்கும் மருத்துவர் ஒவ்வொருவரும் லென்னெக்கின் மாணவரே. பிறர் துயரைக் காது கொடுத்துக் கேட்பதும், கேட்டதை ஆராய்ந்து மெய்ப்பொருள் காண்பதும், கண்டதைப் பிறர் நலத்திற்கே ஆக்குவதும் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த வாழ்வு அவருடையது.